யார் முதலில் பேசுவது: பன்னாட்டுப் பாதுகாப்புக்கு ஓர் அறிமுகம்

1

ஒரு திருட்டை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். இந்தக் கதை என்னுடையதன்று. என் தங்கையின் கணவருடையது. அவர் எல்லைச் சாவடி ஒன்றின் தொலைபேசி அறையில் பத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றியவர். நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவன். வேலை முடிந்த பிறகு அவர் பேசாமல் இருக்கப் பழகிக்கொண்டார். நான் எழுதப் பழகிக்கொண்டேன். இவற்றுள் எது குடும்பத்துக்குப் பெரிய தொல்லை என்பதில் வீட்டில் கருத்து வேற்றுமை இல்லை.

துணைநூல்கள் வெளியிடும் பதிப்பகம் ஒன்று, கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்குப் பன்னாட்டுப் பாதுகாப்பு பற்றி ஓர் எளிய அறிமுகம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டது. எனக்கு அத்துறையில் எள்ளளவும் பயிற்சி இல்லை. அங்கே பொறுப்பிலிருக்கும் அம்மையார் அதையே தகுதியாகக் கொண்டார்.

“தெரிஞ்சவங்க எழுதினா ஒருத்தருக்கும் புரிய மாட்டேங்குது சார். நீங்க எழுதுங்க.”

பன்னிரண்டு கோட்பாடுகள், எட்டுச் சமகாலச் சிக்கல்கள், ஒவ்வொன்றின் இறுதியிலும் ஓர் ஐந்து மதிப்பெண் வினா. இதுதான் ஒப்பந்தம். மூன்று மாதம் நூலகத்தில் அமர்ந்து படித்துவிட்டு முதல் வாக்கியத்தை எழுதினேன்:

“நாடுகள் ஏன் ஒன்றையொன்று கண்டு அஞ்சுகின்றன என்னும் வினா, மனித நாகரிகம் தோன்றிய நாள்முதல்...”

(நிறுத்திவிட்டேன். மனித நாகரிகம் தோன்றிய நாளில் புறப்பட்ட எந்தக் கட்டுரையும் ஊர் போய்ச் சேர்ந்ததை நான் கண்டதில்லை. நான் திருத்திய விடைத்தாள்கள் சாட்சி.)

ஆகவே எனக்குத் தெரிந்த வழிக்கே வந்தேன். விலங்குகளைப் பேசவிட்டேன்.

2

ஒரு வரப்பின்மேல் இரண்டு ஆமைகள் எதிரெதிரே வந்தன. வரப்பு ஒடுக்கம்; ஒன்று ஒதுங்கினால்தான் மற்றது போகலாம். ஒன்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அதைக் கண்ட மற்றதும் இழுத்துக்கொண்டது. ‘அது முதலில் நீட்டட்டும், பிறகு நான் நீட்டுகிறேன்’ என்று இரண்டும் காத்திருந்தன. தலையை உள்ளே வைத்திருக்கும் ஆமைக்கு, எதிரிலிருப்பது நீட்டிவிட்டதா என்று பார்க்க வழியில்லை. இது இரண்டுக்குமே தோன்றவில்லை.

நூல்கள் இதைப் பாதுகாப்பு இக்கட்டு என்கின்றன. என்னைக் காத்துக்கொள்ள நான் செய்வது உனக்கு அச்சுறுத்தலாகத் தெரிகிறது. நீ அஞ்சிச் செய்வது என் அச்சத்தை மெய்யாக்குகிறது. யதார்த்தவாதியைக் கேட்டால், “ஓடு இருக்கிறதே, பகை இருப்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?” என்பார். தாராளவாதி, “வரப்புப் போக்குவரத்துக்கு ஒரு கூட்டுக் குழு அமைத்தால் தீர்ந்தது” என்பார். எல்லாம் மனிதர் கட்டிக்கொண்ட எண்ணங்களே என்னும் மூன்றாமவர், “வரப்பு ஒடுக்கம் என்று ஆமைகளுக்குச் சொன்னது யார்?” என்று கேட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்.

அம்மையாருக்கு அனுப்பினேன். மறுநாளே தொலைபேசி வந்தது.

“கதை நல்லா இருக்கு சார். ஆனா ஆமைக்கு என்ன அவசரம்? ஒரு மாசம் சாப்பிடாம அங்கேயே கிடக்குமே. படிக்கிறவங்க ‘அதுக்கென்ன இப்போ’ன்னு கேப்பாங்க.”

சரியான குற்றச்சாட்டு. அவசரம் உள்ள ஓர் ஆளைத் தேடினேன். மாப்பிள்ளை எப்போதோ அரைகுறையாகச் சொன்ன தையற்காரர் நினைவுக்கு வந்தார். அப்போதுதான் திருடினேன்.

3

தொலைபேசி அறையில் இருந்தவை: ஒரு மேசை, ஒரு நாற்காலி, எண்களே இல்லாத கறுப்புத் தொலைபேசி, பேச்சைப் பதிவு செய்யும் கருவி, ஒரு பதிவேடு, சுவர்க்கடிகாரம், கம்பியிட்ட சன்னல். தொலைபேசியை எடுத்தால் எல்லைக்கு அப்பால் உள்ள சாவடியில் மணியடிக்கும், வேறெங்கும் அடிக்காது. போர் மூளும் நிலை வந்தால் இரு தரப்பும் பேசித் தணித்துக்கொள்ளட்டும் என்று போட்ட கம்பி அது. வேலை செய்கிறதா என்று அறிய, நாள்தோறும் காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை அழைப்பார். “கேட்கிறதா?” என்பார். “தெளிவாகக் கேட்கிறது” என்று பதில் வரும். வைத்துவிடுவார்கள். மழை பெய்கிறதா என்று விசாரிப்பதுகூடக் குற்றம்.

இனி விதிகளைச் சொல்ல வேண்டும். நம் பக்கத்து விதி: எடுத்தவர் குரல் கொடுத்த பிறகே அழைத்தவர் பேசலாம். அப்பக்கத்து விதி: அழைத்தவர் பேசிய பிறகே எடுத்தவர் பேசலாம். முதலில் வாய் திறப்பது தாழ்வு என்று இரு தலைநகரங்களிலும் இரண்டு குழுக்கள் கூடிக் கண்டுபிடித்திருந்தன. மீறினால் அன்றே வேலை போகும்.*

* குழுக்கள் ஒன்றோடொன்று கலந்து பேசவில்லை. பேசுவதென்றால் யாராவது முதலில் பேச வேண்டுமே.

இந்த விதிகளின்படி அந்தத் தொலைபேசி ஒரு நாளும் பயன்பட்டிருக்கக் கூடாது. பதினெட்டு ஆண்டுகள் பயன்பட்டது. காரணம், ஓர் இருமல். அப்பக்கத்துத் தொலைபேசிக்காரர் எடுத்தவுடன் ஒருமுறை இருமுவார். இருமல் குரல்தான், எனவே நம் விதி நிறைவேறிற்று. இருமல் சொல்லன்று, எனவே அவர் விதி மீறப்படவில்லை. இவர் “கேட்கிறதா?” என்பார். எல்லாம் நலம்.

“முதல் வருஷம் ஏதோ நோய்னு நினைச்சேன் மச்சான்,” என்றார் மாப்பிள்ளை. “ரெண்டாம் வருஷம்தான் அது புத்தின்னு புரிஞ்சுது.”

அவர் பெயர் தெரியாது, முகம் தெரியாது. மாப்பிள்ளைக்கு அவர் ‘இருமல்காரர்’. இரண்டு அரசுகளின் அமைதியும் அவர் தொண்டையில் தங்கியிருந்தது.

சாவடியை ஒட்டி ஒரு பெரிய கதவு. ஆண்டுக்கு ஒருநாள், காலை பத்தரைக்கு அது திறக்கும். அனுமதிச் சீட்டு உள்ளவர்கள் அப்பக்கம் போய் உறவினரைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பலாம். ஒரு நிபந்தனை: அன்றைய சோதனை அழைப்பு பத்தரைக்குள் முடிந்து, பதிவேட்டில் ‘பதில் கிடைத்தது’ என்று எழுதியிருக்க வேண்டும். இல்லையேல் ‘மௌனம்’ என்று எழுத வேண்டும். ‘மௌனம்’ என்று எழுதினால் கதவு திறக்காது. துப்பாக்கிகள் வெளியே வரும். அவற்றைக் கண்டு அப்பக்கத்துத் துப்பாக்கிகளும் வரும்.

பத்தொன்பதாம் ஆண்டில் அந்த நாள் வந்தபோது வரிசையில் நாற்பத்து மூன்று பேர் நின்றார்கள். முதலில் நின்றவர் தையற்காரர். சாவடியில் எல்லாருடைய சீருடைக்கும் பொத்தான் தைப்பவர், எழுபத்தெட்டு வயது. மகளை அப்பக்கம் கட்டிக்கொடுத்த பிறகு எல்லை மூடிவிட்டது. பதினோராண்டுகளாக அவளைப் பார்க்கவில்லை. பிறந்த பேரனைப் பார்த்ததே இல்லை. நான்கு ஆண்டுகள் மனுப் போட்டுப் பெற்ற சீட்டு, அந்த ஒரு நாளுக்கு மட்டும் செல்லும். காலையில் சன்னலோரம் வந்து பையைத் திறந்து காட்டினார். உள்ளே மூன்று சட்டைகள்.

“எதுக்கு மூணு?” என்று மாப்பிள்ளை கேட்டாராம்.

“பேரன் குண்டா ஒல்லியான்னு தெரியலையே சார். மூணு அளவுல தைச்சுட்டேன். ஏதோ ஒண்ணு பொருந்தும்.”

“மிச்சம் ரெண்டு?”

“வளர்ந்தா ஒண்ணு, இளைச்சா ஒண்ணு. நீங்க நேரத்துக்குத் திறந்துவிடுங்க சார். இன்னொரு தடவை மனு போட்டுத் தைக்க எங்கிட்ட துணி இருக்கு, வயசு இல்ல.”

(எதிரில் இருப்பவரைப் பற்றி ஒன்றும் தெரியாத நிலையில் எப்படி ஆயத்தமாவது என்பதுதான் நான் படித்த அத்தனை நூல்களின் பொருளும். மூன்று சாத்தியங்களுக்கும் ஆயத்தமாகி, அவற்றுள் ஒன்றுகூடப் போராக இல்லாதபடி பார்த்துக்கொண்டவரை நான் வேறெங்கும் சந்திக்கவில்லை.)

4

பத்து மணிக்கு மாப்பிள்ளை அழைத்தார். அப்பக்கம் எடுக்கும் ஓசை கேட்டது. இருமல் கேட்கவில்லை.

மூச்சு மட்டும் கேட்டது. யாரோ காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மாப்பிள்ளையும் காத்திருந்தார். ஐந்து நிமிடம் போயிற்று.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கேப்டன் தேவைப்பட்டார். கோட்பாடுகளை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டுமல்லவா? மீசை முளைப்பதற்குள் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்ட ஓர் இளைஞரை உண்டாக்கி மேசையருகில் நிறுத்தினேன். மாப்பிள்ளை பேசும் முனையைக் கையால் பொத்திக்கொள்ள, இருவரும் கிசுகிசுத்தார்கள்.

“சார், இருமல் வரல.”

“விதியில இருமல் இருக்கா?”

“இல்ல சார்.”

“இல்லாதது வரலைன்னு ஏன் கவலைப்படுறீங்க? குரல் வந்துச்சா?”

“மூச்சு வருது.”

“மூச்சு குரல் ஆகாது. பொறுங்க. எதிரி என்ன நினைக்கிறான்னு தெரியாதப்போ, கெட்டதைத்தான் நினைக்கிறான்னு வெச்சுக்கணும். அடிப்படைப் பாடம்.”

“புது ஆளா இருக்கும் சார். இந்தப் பழக்கம் அவருக்குத் தெரியாது. விதியைப் பார்த்துக்கிட்டு நான் பேசுவேன்னு உட்கார்ந்திருப்பார்.”

“புது ஆளைச் சரியா இன்னைக்குன்னு ஏன் போட்டாங்க?”

“பழையவருக்கு உடம்பு முடியாம இருக்கலாமே. பதினெட்டு வருஷமா இருமுறாரு.”

“நீங்க ரொம்ப நல்லவர். உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும், எல்லை நாலு மைல் உள்ள வந்துடும்.”

“நான் வேணா லேசா ஒரு தடவை இருமிப் பார்க்கவா சார்?”

“யோவ்! முதல்ல இருமினது நம்ம பக்கம்னு ஆயிடும்யா!”

எழுதிவிட்டு நானே வயிறு குலுங்கச் சிரித்தேன். தங்கையைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்:

“அண்ணா, வெளியில நின்ன அந்தப் பெரியவர் சிரிச்சாரா?”

5

மாப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இருமுறை படித்தார்.

“மச்சான், யாரு இந்தக் கேப்டன்?”

“உங்க மேலதிகாரி, மாப்பிள்ளை.”

“அவர் அன்னைக்கு லீவு. பல் பிடுங்கப் போயிருந்தார். ரூம்ல நான் ஒருத்தன்தான்.”

“கதைக்கு வேணும்னு சேர்த்தேன்.”

“அதுலதான் கெட்டுப்போச்சு. பக்கத்துல ஒருத்தர் நின்னிருந்தா எனக்கென்ன கஷ்டம்? அவர் பொறுங்கன்னு சொன்னார், நான் பொறுத்தேன்னு சொல்லிட்டு இன்னைக்கு வரைக்கும் நிம்மதியா சாப்பிட்டிருப்பேன்.”

“அப்போ அவர் பேசினதெல்லாம் தப்பா?”

“ஒரு வார்த்தை தப்பில்ல. ஆனா பேசினது நான். ரெண்டு பேர் பேச்சையும் நானே பேசிக்கிட்டேன்.”

வேறு வழியில்லை. கேப்டனைப் பணிநீக்கம் செய்தேன்.

[கேப்டன் தொப்பியை எடுத்துக்கொண்டார். “என் முனைவர் பட்டம்?” என்றார். கதவைக் காட்டினேன்.]

அவர் போனதும் அறை பெரிதாகிவிட்டது. பன்னிரண்டு கோட்பாடுகளும் பன்னிரண்டு அறிஞர்களுக்குச் சொந்தம் என்று எண்ணியிருந்தேன். காதில் தொலைபேசியோடு தனித்திருக்கும் ஒரு மனிதருக்குள் அத்தனையும் அரை மணி நேரத்தில் வந்து போகின்றன. பேசினால் வேலை போகும், அது ஒன்று. வேண்டுமென்றே அவர்கள் மௌனம் சாதித்தால், பேசுகிறவர் தம் பக்கத்து அச்சத்தைப் பறைசாற்றியவர் ஆவார், அது வேறொன்று. பேசாவிட்டால் வரிசையில் முதலில் நிற்பவரின் சீட்டு இன்று மாலை வெற்றுத்தாள். எந்தக் கோட்பாடு தவறினாலும் அதை எழுதியவர் வரிசையில் நிற்கப்போவதில்லை.

6

அம்மையார் மறுபடி அழைத்தார்.

“சார், சமகாலச் சிக்கல் எட்டு கேட்டிருந்தோம். ஒண்ணுகூடக் காணோமே. ட்ரோன் எங்கே?”

“அந்தக் காலத்துல பட்டம்கூடப் பறக்கலைன்னு மாப்பிள்ளை சொல்றார்மா.”

“இணையத் தாக்குதல்?”

“ஒரே ஒரு கம்பிதான். அதைத் தாக்கினா ரெண்டு பக்கமும் சந்தோஷப்படுவாங்க.”

“பொய்ச்செய்தி?”

அது இருந்தது. பத்து இருபதுக்கு வரிசையின் கடைசியில் யாரோ, “அந்தப் பக்கத்துல போன் கம்பியை அறுத்துட்டாங்களாம்” என்றார். அது வரிசையில் முன்னேறி வருவதற்குள், அறுத்தவர்கள் நூறு பேராகி, அவர்கள் கையில் ஆயுதமும் வந்துவிட்டது. தையற்காரரிடம் வந்து சேர்ந்தபோது அவர் சொன்ன மறுமொழியை மாப்பிள்ளை சன்னல் வழியே கேட்டார்:

“நூறு பேர் சேர்ந்து ஒரு கம்பியை அறுத்தாங்களா? கத்தரிக்கோல் ரொம்ப மொண்ணை போல.”

“சிக்கல் ஒண்ணு ஆச்சு,” என்றார் அம்மையார். “பருவநிலை?”

“அன்னைக்கு நல்ல வெயில்.”

“சார், கிண்டல் பண்ணாதீங்க. பசங்களுக்குப் பரீட்சை இருக்கு. கடைசியில நீதியாவது ஒழுங்கா வரட்டும். அவர் பேசினாரா, பேசலையா?”

7

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது. பத்து இருபத்தெட்டுக்கு மாப்பிள்ளை “கேட்கிறதா?” என்றார். மறுமுனையில் ஒரு புதுக்குரல், “அப்பாடா! எவ்வளவு நேரம் சார் உங்களுக்காகக் காத்திருக்கிறது?” என்று அழாக்குறையாகச் சொன்னது. இருமல்காரர் மருத்துவமனையில் இருந்தார். கதவு திறந்தது. நடுச்சட்டை பேரனுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. மாலையில் மாப்பிள்ளைக்கு வேலை போயிற்று. (இதை நான் நம்பவில்லை. சட்டை பொருந்த வேண்டும் என்னும் ஆசையில் எழுதியது.)

இரண்டாவது. அவர் பேசவில்லை, ‘மௌனம்’ என்று எழுதினார். துப்பாக்கிகள் வந்தன. அதைக் கண்டு அப்பக்கமும் தன் பதிவேட்டில் ‘மௌனம்’ என்று எழுதியது. ஒவ்வொரு பதிவேடும் மற்றதன் சந்தேகத்துக்குச் சான்றாயிற்று. தையற்காரர் மூன்று சட்டைகளோடு வீடு திரும்பினார். (யதார்த்தவாதி இந்த முடிவைப் படித்துவிட்டு, “நான்தான் அப்போதே சொன்னேனே” என்பார். அவர் சொன்னதால்தான் இப்படி ஆயிற்று என்றால் கோபித்துக்கொள்வார்.)

மூன்றாவது. அவர் பேசினார். கதவு திறந்தது. ஆனால் மறுமுனையின் மௌனம் உண்மையிலேயே வேண்டுமென்றே காத்த மௌனம். கதவு திறக்கட்டும் என்றுதான் அவர்கள் காத்திருந்தார்கள். நாற்பத்து மூன்று பேரும் எல்லைக்கோட்டை...

(இதற்கு மேல் எழுதவில்லை. அவர்களுள் பலரை நான் இன்னும் உங்களுக்கு அறிமுகம்கூடச் செய்யவில்லை.)

மூன்றையும் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையிடம் போனேன்.

“எது நடந்தது, மாப்பிள்ளை?”

“மூணும் நடந்தது.”

“விளையாடாதீங்க. உங்களுக்கு அந்த வருஷத்தோட வேலை போச்சு. அப்போ பேசிட்டீங்க, அப்படித்தானே?”

“வேலை போக நூறு காரணம் உண்டு மச்சான். பேசாததுக்கும் போகும்.”

“சரி, மூணும் எப்படி நடக்கும்?”

“பத்து இருபத்தொன்பது வரைக்கும் மூணும் நடந்துக்கிட்டுத்தான் இருந்தது. பத்தரைக்கு மேலதான் ஒண்ணு மட்டும் நடந்ததா ஆச்சு. பத்தரைக்கு மேல வந்து கேக்குறவங்க எல்லாரும் புத்திசாலிங்க. விசாரணைக்கு வந்தவர் புத்திசாலி, பத்திரிகைக்காரர் புத்திசாலி, இப்போ நீங்களும். விடையைச் சொல்லிட்டா, படிக்கிறவங்க விடையைத் தெரிஞ்சுக்குவாங்க. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தெரிஞ்சுக்க மாட்டாங்க.”

“அந்தப் பெரியவர் போனாரா இல்லையா, அதையாவது சொல்லுங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டுக்குள் வைத்து மூடினார். உள்ளிருந்து தங்கை குரல் கொடுத்தாள்:

“விடுங்கண்ணா. இருபது வருஷமா நானே கேட்டுப் பார்த்துட்டேன்.”

8

முப்பத்து நான்கு ஆண்டுகள் கதை முடிந்ததும் நீதி சொல்லிப் பழகியவன் நான். கரும்பலகையில் அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கி வைத்திருப்பேன். பிள்ளைகள் கதையைக் கேட்டார்களோ இல்லையோ, நீதியைத் தவறாமல் எழுதிக்கொண்டார்கள். இப்போது தோன்றுகிறது: நான் படித்த பன்னிரண்டு கோட்பாடுகளும், கதை முடியுமுன் எழுதிக்கொள்ளப்பட்ட பன்னிரண்டு நீதிகள். ஒவ்வொன்றும் மெய்தான், ஏற்கெனவே நடந்து முடிந்த கதைகளுக்கு.

அம்மையாருக்கு எழுதிவிட்டேன்: முடிவு கிடையாது; வேண்டுமானால் ஒப்பந்தத்தைக் கிழித்துக்கொள்ளலாம். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. நானும் மறுபடி அழைக்கவில்லை.

ஆகையால், அன்பரே, மாப்பிள்ளையை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பி அனுப்பிவிட்டேன். அவர் போதிய அளவு உட்கார்ந்துவிட்டார். நீங்கள் வந்து அமருங்கள். மணி பத்து இருபத்தொன்பது. பதிவேடு விரித்திருக்கிறது. ஒலிப்பதிவுக் கருவி சுழல்கிறது. சன்னலுக்கு வெளியே தையற்காரர் சீட்டை ஒரு கையிலும் பையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, கதவைப் பார்க்காமல் உங்களைப் பார்க்கிறார். தொலைபேசியைக் காதில் வையுங்கள். மூச்சு கேட்கிறதா?

என்னால் ஒன்றுமட்டும் சொல்ல முடியும். அப்பக்கத்திலும் ஒரு பதிப்பகம் இருக்கிறது. அவர்களும் ஒன்றும் தெரியாத ஒரு வாத்தியாரைப் பிடித்து, இதே பொருளில் ஓர் அறிமுகம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய வாசகரும் இந்நேரம் கடைசிப் பத்திக்கு வந்து, அங்குள்ள நாற்காலியில் அமர்ந்து, நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று காத்திருக்கிறார்.

நீங்கள் விடும் மூச்சு அவருக்குக் கேட்கிறது.